டென்மார்க் தலைநகரில் நாலு நாள்

(வானொலி உரை)



இன்றைக்கு உரம், பூச்சிமருந்து, விதைநேர்த்தி எதைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. உங்களை வெளிநாடு கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். டிக்கெட் செலவு கிடையாது, பாஸ்போர்ட் வேண்டாம். மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே என்னோடு வரலாம். போகிற இடம் டென்மார்க் நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனும் அதன் பக்கத்துத் தீவுகளும். மொத்தம் நாலு நாள் பயணம்.

"கள்ளக்குறிச்சிக்கும் கோபன்ஹேகனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் பழையது. 1620-லிருந்து 1845 வரை நம்ம தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. அன்றைய தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தை அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம்ம மாவட்டத்துத் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1986-ல் ஆரம்பித்த 'தான்வா' பயிற்சியில் சேர்ந்து விதைநேர்த்தியும் உயிர் உரமும் கற்றுக்கொண்ட பெண்கள் பலர் இப்போது பாட்டிகளாக இருப்பார்கள். அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து உதவியது டென்மார்க் அரசாங்கம்தான்.

ஆனால் நான் உங்களைக் கூப்பிடுவதற்குக் காரணம் வேறு. நம்ம வட்டாரத்தில் மூன்று பொருள் விற்கிறோம். சமவெளியில் கரும்பு, வீட்டுக்கு வீடு பால், சின்னசேலம் பக்கமும் கல்வராயன் மலையிலும் குச்சிக் கிழங்கு. இந்த மூன்றுக்கும் விலை வைப்பது எதை வைத்து? கரும்பில் சர்க்கரை, பாலில் கொழுப்பு, கிழங்கில் மாவுச்சத்து. மூன்றுமே கண்ணுக்குத் தெரியாதவை. எடையையாவது எட்டிப் பார்க்கலாம், சத்தை எப்படிப் பார்ப்பது? அளக்கிறவர் சொல்வதுதான் கணக்கு. அந்த அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் நம்ம பிழைப்பே இருக்கிறது. இதே கேள்வி ஏறக்குறைய 140 வருஷத்துக்கு முன்னால் டென்மார்க் விவசாயிக்கும் வந்தது. அவன் அதற்கு என்ன வழி கண்டான் என்று பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் நாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். டென்மார்க் நம்ம தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு. ஜனத்தொகை சுமார் 60 லட்சம். பெயர் வைத்த தீவுகள் மட்டும் 400-க்கு மேல். மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அங்கே இயற்கையான மேடுகளில் மிக உயரமானதே 171 மீட்டர், அதாவது 560 அடிதான். நம்ம கல்வராயன் மலை 2000 அடி, 3000 அடி என்று நிற்கிறது. அவர்கள் பார்த்தால் மூக்கில் விரலை வைப்பார்கள். கோடையில் அங்கே பகல் பதினேழரை மணி நேரம், குளிர்காலத்தில் ஏழு மணி நேரம். ஆகவே மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குள் போவது நல்லது. அப்போதும் ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். காசுக்குப் பெயர் குரோனர்.

முதல் நாள்: நகரத்துக்குள்

கோபன்ஹேகன் என்ற பெயருக்கே வியாபாரிகளின் துறைமுகம் என்றுதான் அர்த்தம். ஜீலந்து, அமாகர் என்ற இரண்டு தீவுகளின் மேல் அந்த நகரம் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் கார்களைவிட சைக்கிள் அதிகம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், மணியடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் கடற்கரைப் பாறைமேல் இருக்கும் கடல்கன்னி சிலையைப் பார்க்க ஓடுவார்கள். 1913-ல் வைத்த சின்னச் சிலை அது. பார்த்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. ஆனால் விவசாயி பார்க்கவேண்டியது மெயின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டிகள் ஓடும் தெரு நடுவே இருக்கிறது. அது ஒரு உயரமான கல்தூண். 'சுதந்திரத் தூண்' என்று பெயர். யாருடைய சுதந்திரம்? குடியானவனுடைய சுதந்திரம்!

1733-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். பண்ணையில் பிறந்த ஆண்பிள்ளை, குறிப்பிட்ட வயது வரைக்கும் அந்தப் பண்ணையை விட்டு வெளியே போகக்கூடாது. போனால் குற்றம். 1788-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதன் நினைவாக 1790-களில் எழுப்பியதுதான் அந்தத் தூண். கல்வராயன் மலையில் நாடு விடுதலை அடைந்த பிறகும் சில காலம் ஜாகீர்தார் ஆட்சி நீடித்ததே, அதைப் பார்த்த குடும்பங்களுக்கு இந்தத் தூணின் அருமை சொல்லாமலே விளங்கும். தலைநகரத்தின் நடு வீதியில் குடியானவனுக்காக ஒரு தூண் நிற்பதைப் பார்த்துவிட்டு அன்றைய ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள்.

இரண்டாம் நாள்: அமாகர் தீவு

விமானம் இறங்கியதே அமாகர் தீவில்தான், அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். 1521-ல் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியன், காய்கறி விளைவிப்பதில் கெட்டிக்காரர்களான ஹாலந்து விவசாயிகளை அழைத்துவந்து இந்தத் தீவில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம் என்று அவர்கள் விளைவித்துத் தலைநகருக்கே சோறு போட்டார்கள். நகரத்தின் காய்கறித் தோட்டம் என்று அமாகருக்குப் பெயர் வந்தது.

இன்னொரு பெயரும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். 'மலத் தீவு' என்று நகரத்தார் கேலி செய்வார்கள். ஊர்க் கக்கூசுக் கழிவெல்லாம் வண்டியேறி அமாகர் வயலுக்கு எருவாகப் போனதுதான் காரணம். கேலி பேசியவன் அதே எருவில் விளைந்த கோஸைத்தான் ருசித்துச் சாப்பிட்டான்! நகரம் தின்பதைத் தருவது கிராமம், நகரம் கழிப்பது கிராமத்துக்கே திரும்ப வேண்டும். நம்ம நகராட்சிக் குப்பையில் மக்குவதைப் பிரித்து உரமாக்கினால் வாங்கிப் போடத் தயங்காதீர்கள். ஆனால் அதில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

கரையில் நின்று கிழக்கே பார்த்தால் சால்ட்ஹோம் என்று தட்டையான ஒரு தீவு தெரியும். உப்புக்காற்று அடிக்கும் புல்வெளி அது. கோடையில் மாடுகளை அங்கே மேய விடுகிறார்கள். அதற்கு இப்பால் கடலுக்குள்ளேயே 2000-ஆம் ஆண்டில் 20 காற்றாலைகளை வில் போல வளைத்து நிறுத்தினார்கள். அதில் பாதி மின்சாரக் கம்பெனிக்குச் சொந்தம். மறுபாதி யாருக்கு? ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு! 8000-க்கும் அதிகமான சாதாரண ஜனங்கள் பங்கு போட்டுச் சேர்ந்தார்கள். வாத்தியார், தபால்காரர், கடைக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு. இந்தப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பால் சங்கத்திலிருந்துதான் வந்தது. அதை நாளைக்குப் பார்ப்போம்.

மூன்றாம் நாள்: பழைய பண்ணை வீடுகளும் பால் கதையும்

நகரத்துக்கு வடக்கே லிங்பி என்ற ஊரில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் பல பாகத்திலிருந்தும் பழைய பண்ணை வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, அது மாதிரி. கூரை வேய்ந்த வீடு, பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். இந்தத் தொழுவத்து வாசலில் உட்கார்ந்துகொண்டுதான் நான் சொல்லவந்த கதையைச் சொல்லவேண்டும்.

1870-களில் டென்மார்க் விவசாயி தானியம் விளைவித்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தான். திடீரென்று அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவான கோதுமை வந்து குவிந்தது. விலை படுத்துவிட்டது. மற்ற நாடுகள் சில இறக்குமதிக்கு வரி போட்டுத் தடுத்தன. டென்மார்க்காரன் என்ன செய்தான் தெரியுமா? மலிவான தானியத்தை வாங்கி மாட்டுக்குப் போட்டான். தானியத்தை விட்டுவிட்டு வெண்ணெய்க்கு மாறினான்.

ஆனால் ஒரு சிக்கல். நல்ல வெண்ணெய் எடுக்கப் பாலாடை பிரிக்கும் எந்திரம் வேண்டும். அது பெரிய பண்ணைக்காரருக்குத்தான் கட்டுப்படியாகும். நாலு மாடு வைத்திருப்பவன் எங்கே போவான்? 1882-ல் மேற்கு ஜட்லாந்தில் ஹெட்டிங் என்ற சின்ன ஊரில் விவசாயிகள் ஒன்றுகூடினார்கள். எல்லோரும் சேர்ந்து ஜாமீன் நின்று கடன் வாங்கி எந்திரம் வைத்தார்கள். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால் சங்கம் அதுதான். இருபது வருஷத்துக்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் சங்கங்கள் ஆகிவிட்டன.

பெரும்பாலான சங்கங்களில் ஒரு விதி இருந்தது. மாடு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மனுஷத் தலையை எண்ணு, மாட்டுத் தலையை எண்ணாதே என்று அவர்கள் பாஷையில் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. நூறு மாட்டுக்காரருக்கும் ஒரு ஓட்டு, இரண்டு மாட்டு விதவைக்கும் ஒரு ஓட்டு.

இப்போது அளவுக்கு வருவோம். முதலில் பாலை எடைக்கு வாங்கினார்கள். உடனே என்ன ஆகும்? உங்களுக்குத் தெரியாததா! சிலர் தண்ணீர் சேர்த்தார்கள், சிலர் ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். நல்ல பால் கொடுத்தவன் ஏமாந்தான். கோபன்ஹேகன் வேளாண் கல்லூரியைச் சேர்ந்த ஃபியோர்டு என்ற விஞ்ஞானி 1880-களில் இதற்கு ஒரு கருவி செய்தார். ஒவ்வொருவர் பாலையும் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சுழற்றினால் ஆடை தனியாக மேலே வந்து நிற்கும். யார் பாலில் எவ்வளவு ஆடை என்று கண்ணாலேயே பார்க்கலாம். பணமும் அதன்படியே. சங்கத்தில் சண்டை அடங்கியது, பாலின் தரம் உயர்ந்தது.

அங்கேயும் நிற்கவில்லை. 1895-ல் முட்டை ஏற்றுமதிக்கு ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முட்டையிலும் உறுப்பினர் நம்பர் முத்திரை. லண்டனில் ஒரு முட்டை அழுகியிருந்தால் அது எந்த வீட்டுக் கோழியுடையது என்று டென்மார்க்கில் கண்டுபிடித்து அபராதம் போட்டார்கள். அதே 1895-ல் ஒவ்வொரு மாடும் தின்னும் தீனி எவ்வளவு, கறக்கும் பால் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று எழுதிவைக்கத் தனிச் சங்கம் வந்தது. கறவை மாடு எது, வெறும் தீனி மாடு எது என்பது நோட்டுப் புத்தகத்தில் தெரிந்துபோச்சு.

இதற்கெல்லாம் படிப்பு வேண்டாமா? 1844-லிருந்தே அங்கே கிராமத்து இளைஞர்களுக்கென்று மக்கள் பள்ளிகள் உண்டு. வயல் வேலை இல்லாத குளிர்காலத்தில் போய்த் தங்கிப் படிப்பார்கள். பரீட்சை கிடையாது. கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவும், கணக்கு நோட்டைப் படித்துக் கேள்வி கேட்கவும் அங்கே பழகிக்கொண்டார்கள்.

நாலாம் நாள்: சர்க்கரைத் தீவு

கடைசி நாள் கொஞ்சம் தூரப் பயணம். தெற்கே காரில் போனால், பாலங்களைத் தாண்டி ஃபால்ஸ்டர், லோலந்து என்ற தீவுகள் வரும். அங்கே போனால் நம்ம மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் ஞாபகம்தான் வரும். ஏனென்றால் அது சர்க்கரைச் சீமை! கரும்பு அந்தக் குளிரில் வராது. அங்கே சர்க்கரை பீட் என்ற கிழங்கு. வெள்ளையாக, முள்ளங்கியைவிடப் பருமனாக இருக்கும். வசந்தத்தில் விதைத்து, செப்டம்பரிலிருந்து தோண்டி ஆலைக்கு ஏற்றுகிறார்கள். கிழங்கில் 16, 17 சதவீதம் சர்க்கரை. சாறு எடுத்த சக்கை மாட்டுக்குத் தீனி. லோலந்தில் நக்ஸ்கோவ் என்ற ஊரில் 1880-களில் கட்டிய ஆலையும், ஒரு சர்க்கரை அருங்காட்சியகமும் இருக்கின்றன.

இங்கேதான் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு விவசாயியின் கிழங்குக்கும் தனித்தனியாக மாதிரி எடுத்து, மண் கழிவையும் சர்க்கரைச் சத்தையும் அளந்து பணம் கொடுக்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி அந்த அளவை ஆலைக்காரர் தனியாக, தன் இஷ்டத்துக்குச் செய்யமுடியாது. ஆலையும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து அளக்கவேண்டும், அல்லது சங்கத்தின் மேற்பார்வையில் அளக்கவேண்டும், அல்லது அரசு ஒப்புக்கொண்ட நிபுணர் மேற்பார்வை வேண்டும். பொருளை வாங்குகிறவனே தராசையும் பிடிக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நம்ம நிலைமை என்ன? மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அது 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு. கட்டுமானம் 9.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 329 ரூபாய் 5 காசு. வித்தியாசம் டன்னுக்கு 259 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 40 டன் என்று வையுங்கள், 10,380 ரூபாய்! இந்தக் கட்டுமானம் உங்கள் வயல் கரும்பினுடையது அல்ல, ஆலையின் சராசரி. பதமாக முற்றவிட்டு, தோகை உரித்து, வெட்டிய அன்றே ஏற்றியவருக்கும் அதே விலை, நாலு நாள் வெயிலில் காயப்போட்டு அனுப்பியவருக்கும் அதே விலை. வெட்டு உத்தரவு தாமதமானால் நல்ல விவசாயியின் கரும்பும் காயத்தான் செய்யும். ஆகவே சராசரி எப்படிக் கணக்காகிறது என்று கேட்பது எல்லோருடைய வேலையும்கூட.

லோலந்தில் இன்னும் ஒரு இடம் பார்க்காமல் திரும்பக்கூடாது. டோகெரூப் என்ற ஊரில் செங்கல்லில் கட்டிய ஒரு பழைய கொட்டடி. பீட் வயலில் களை எடுக்கவும் கிழங்கு தோண்டவும் 1893-லிருந்து போலந்து நாட்டுப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்தார்கள். வயதில் சின்னப் பெண்கள். ஊரும் பாஷையும் தெரியாது, மேஸ்திரி சொன்னதுதான் கூலி. அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து 1908-ல் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், தங்க ஒழுங்கான இடம் வேண்டும், நோய் வந்தால் கவனிக்கவேண்டும். அந்தக் கொட்டடியை இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தங்கள் சர்க்கரையில் யாருடைய வியர்வை கலந்திருக்கிறது என்பதை அவர்கள் மூடி மறைக்கவில்லை.

கரும்பு வெட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும், மலையிலிருந்து வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். முன்பணம் வாங்கும்போதே கூலி என்ன, எத்தனை நாள், பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு வெட்டு ஆள் வேண்டுமென்றால் நீங்களும் அப்படியே எழுதிக் கொடுங்கள்.

திரும்பி வரும்போது

அங்கே எல்லாம் தேனும் பாலுமா ஓடுகிறது? இல்லை. ஊருக்கு ஊர் இருந்த அந்தச் சின்னப் பால் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து, இன்றைக்கு மிகச் சிலவாகச் சுருங்கிவிட்டன. சின்ன விவசாயிகள் நிலத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். மனுஷரைவிடப் பன்றி அதிகம், அதன் கழிவாலும் உரத்தாலும் கடலோர நீர் கெட்டது. 2024-ல், கால்நடைகள் வெளியிடும் வாயுவுக்கு 2030-லிருந்து வரி என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே அவர்கள் செய்ததை எல்லாம் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். நம்ம மண், நம்ம மழை, நம்ம சாமை, கேழ்வரகு வேறு.

எடுத்துவர வேண்டியது மூன்றே விஷயம்.

ஒன்று, அளவு. பால் ஊற்றும்போது ஃபேட், எஸ்.என்.எஃப். இரண்டையும் உங்கள் முன்னாலேயே பார்த்துச் சீட்டு வாங்குங்கள். ஒரு மாதச் சீட்டை ஆணியில் குத்திவைத்து, பட்டுவாடா நாளில் கூட்டிப் பாருங்கள். குச்சிக் கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கும்போது வீட்டு ஆள் ஒருவர் ஆலையில் நிற்கட்டும். தரகர் போனில் சொல்லும் பாயிண்டை நம்பிப் பணம் வாங்காதீர்கள். ஒரே நாளில் நாலு விவசாயிகள் சேர்ந்து லோடு அனுப்பினால், நாலு பேரில் ஒருவர் போனாலே போதும்.

இரண்டு, ஓட்டு. நீங்கள் கூட்டுறவு ஆலையிலும் பால் சங்கத்திலும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்திலும் பங்குதாரர். பொதுப்பேரவை நோட்டீஸ் வந்தால் "அதில் என்ன இருக்கு" என்று கூரையில் சொருகாதீர்கள். போய் உட்காருங்கள். சர்க்கரைக் கட்டுமானம் போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் ஏன் குறைந்தது, வெட்டு உத்தரவு எந்த வரிசையில் போகிறது என்று எழுந்து கேளுங்கள். கரும்புப் பணம் 14 நாளில் வரவேண்டும், தாமதித்தால் 15 சதவீத வட்டி உண்டு என்று 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சுக்கு மரியாதை தனி.

மூன்று, நோட்டுப் புத்தகம். மாட்டுக்கு ஒரு பக்கம், வயலுக்கு ஒரு பக்கம். செலவு, வரவு, தேதி. வீட்டில் படிக்கிற பெண்பிள்ளையிடம் கொடுங்கள். நம்மைவிட ஒழுங்காக எழுதும்.

டென்மார்க்கில் நிலம் மேடில்லை, வெயில் இல்லை, பாதி வருஷம் இருட்டு. அங்கே நாலு மாட்டுக்காரன் நிமிர்ந்து நின்றதற்கு எந்திரம் ஒரு காரணம், சரி. தன் பாலை அளக்கும் குழாயைத் தன் கண்ணாலேயே பார்த்தான், சங்கக் கூட்டத்தில் தன் வாயாலேயே கேட்டான் என்பது அதைவிடப் பெரிய காரணம். கண்ணும் வாயும் நமக்கும் இருக்கிறது. நாளைக் காலையில் பால் ஊற்றும்போதே ஆரம்பித்துவிடலாம்.